தலைகாணிக்காரி

காலையில் கண் விழித்ததும் என் கணவர் முதலில் செய்கிற காரியம் இன்னொருத்திக்காகப் படுப்பது. தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மருத்துவமனையில் கொடுத்த தடித்த தலையணை ஒன்று எங்கள் கட்டிலில் கிடக்கிறது. பல் தேய்த்துவிட்டு வந்து அதன்மேல் மல்லாந்து படுத்து, பக்கத்துப் பெட்டியில் பொத்தானை அழுத்துவார். அசையாமல் இருக்கச் சொல்லிப் பெட்டிக்குள்ளிருந்து ஒரு பெண்குரல் வரும். நான் சொல்லி ஒரு நாளும் சும்மா இராத மனிதர், பெட்டி சொன்னதும் கல்லாகக் கிடப்பார். கொஞ்ச நேரத்தில் "அனுப்பப்பட்டது" என்று பெட்டி சொல்லும். அனுப்பப்பட்டது அவளுக்குத்தான். அவளுக்கு நான் வைத்த பெயர் தலைகாணிக்காரி.

அவர் இதயம் பலவீனமானது. ரத்தத்தைத் தள்ளுகிற வலு பாதியாகக் குறைந்துவிட்டது என்று டாக்டர் சொன்னார். தள்ள முடியாத ரத்தம் பின்னால் தேங்குமாம். தேங்கினால் காலில் நீர் இறங்கும், நெஞ்சில் நீர் கட்டும், மூச்சு முட்டும். அப்படி இரண்டு முறை அவரை ஆம்புலன்சில் ஏற்றியிருக்கிறேன். இரண்டாவது முறைதான் டாக்டர் புதுக் கருவி ஒன்றை வைத்து நடக்கிற ஆராய்ச்சியைப் பற்றிப் பேச்செடுத்தார். காகிதத்தில் மாட்டுகிற கிளிப் அளவுதான் கருவி. தொடையிலுள்ள ரத்தக்குழாய் வழியாக உள்ளே கொண்டுபோய், இதயத்திலிருந்து நுரையீரலுக்குப் போகிற குழாயில் விட்டுவிடுவார்கள். பேட்டரி கிடையாது. தலையணையில் படுத்தால் அங்கே இருக்கிற அழுத்தத்தைத் தலையணை படித்து மருத்துவமனையில் இருக்கிற நர்சுக்கு அனுப்பிவிடும்.

"கால் வீங்கறதுக்கும் மூச்சு வாங்கறதுக்கும் பல நாள் முன்னாடியே உள்ள அழுத்தம் ஏற ஆரம்பிச்சுடும்மா. அது எங்களுக்கு இங்கயே தெரிஞ்சுடும். மாத்திரையக் கூட்டிக் குறைச்சு, அவர் ஆஸ்பத்திரிக்கே வராம பாத்துக்கலாம்" என்றார் டாக்டர்.

என் கணவர் தயங்கினார். "சேருங்க, நல்லதுதானே" என்று நச்சரித்துக் கையெழுத்துப் போட வைத்தவள் நான்தான். வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டேன்.

அதற்கு முன்பு அந்த வேலை என்னுடையது. தினமும் காலையில் அவர் கணுக்காலுக்கு மேலே என் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பேன். பள்ளம் உடனே நிரம்பினால் பயமில்லை. அப்படியே நின்றால் நீர் சேர்கிறது என்று அர்த்தம். நான் தையல் கடை வைத்திருக்கிறேன்; பெருத்தவர்களுக்குப் பிரித்துவிடுவதும் இளைத்தவர்களுக்குப் பிடித்துவிடுவதும்தான் பிழைப்பு. அவர் இடுப்பு இறுகினால் அவருக்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிடும். கருவி வந்த பிறகு காலைத் தொடப் போனாலே இழுத்துக்கொண்டார்.

"அதான் சிஸ்டர் பாத்துக்கறாங்களே, நீ எதுக்கு அமுக்கிட்டே இருக்கே?"

சிஸ்டராம். கூடப்பிறந்த தங்கையிடம் வருடத்தில் நான்கு வார்த்தை பேசாதவர்.

எங்கே போனாலும் போன் வந்துவிடும். "சார், இன்னிக்கு ரெண்டு புள்ளி கூடியிருக்கே, நேத்து வெளியில சாப்பிட்டீங்களா?" என்பாள். இவர் அசட்டுச் சிரிப்புச் சிரித்து, "எப்படி சிஸ்டர் கண்டுபிடிச்சீங்க?" என்பார். முந்தின நாள் நீதிமன்றத்தில் யாரோ பணி ஓய்வு பெற்றார்கள், வறுத்ததும் பொரித்ததுமாக விருந்து. என்னிடம் ஒரு துண்டு ரொட்டி தின்றதாகச் சொன்னவர், அவளிடம் தட்டில் இருந்ததையெல்லாம் ஒப்பித்தார். நான் அப்போது அவருடைய சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தேன். ஊசியை நறுக்கென்று விரலில் ஏற்றிக்கொண்டேன்.

உணவைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். ஒரு நாள் கடைக்குக் கிளம்பியவள் குடையை மறந்து திரும்பி வந்தேன். படுக்கையறைக் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"ராத்திரி விளக்கை அணைச்சதும் ஒரு பயம் வருது சிஸ்டர். தூங்கிட்டா முழிப்பேனான்னு தோணுது. பக்கத்துல அவ குறட்டை விடறதக் கேட்டுக்கிட்டே முழிச்சிருப்பேன்."

குடையை எடுக்காமலே போய் மழையில் நனைந்தேன். பக்கத்தில் படுப்பவள் நான். பயத்தைச் சொல்வது அவளிடம். போதாததற்கு என் குறட்டையையும் சேர்த்துச் சொல்லியாகிவிட்டது. எனக்கு அவள்மேல் பொறாமை என்று நாசூக்காகச் சொல்லமாட்டேன். வயிறு பற்றி எரிந்தது. அவள் குரல் இளமையாக இருக்கும், அவசரமே இருக்காது. அந்தக் குரலுக்கு நான் ஒரு முகம் செய்து, அந்த முகத்துக்கு மூக்கு முழியெல்லாம் வைத்து, தினமும் அதைத் திட்டிக்கொண்டு துணி தைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை என் நாத்தனார் வந்திருந்தாள். வாய் சும்மா இருக்காது.

"அண்ணி, உங்க சக்களத்தி இன்னிக்கு போன் பண்ணிட்டாளா?"

"ஏன், நீயும் பேசணுமா? உங்கண்ணன் வம்சமே க்யூவுல நிக்குமே" என்றேன். அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒரு நாள் அவர் குளிக்கப் போயிருந்தபோது நானே அந்தத் தலையணையில் படுத்துப் பார்த்தேன். அப்படி என்னதான் இருக்கிறது இதில் என்று ஒரு வெறி. பொத்தானை அழுத்தினேன். பெட்டி கொஞ்ச நேரம் யோசித்தது. "சிக்னல் இல்லை. படுத்திருக்கும் நிலையை மாற்றவும்" என்றது. இடப்பக்கம் நகர்ந்தேன், வலப்பக்கம் நகர்ந்தேன். எப்படிப் படுத்தாலும் என்னிடம் படிக்க ஒன்றுமில்லை என்று அடித்துச் சொல்லிவிட்டது. நான் எழுந்து உறையைச் சரிசெய்வதற்குள் போன் வந்துவிட்டது.

"சார் நல்லா இருக்காரா? சிக்னல் வரலையே" என்றாள் பதற்றமாக.

"குளிக்கிறார்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அதற்கப்புறம்தான் அவருடைய அழுத்த எண் ஏற ஆரம்பித்தது. தினமும் கொஞ்சம் கொஞ்சமாக. தேங்கின நீரைச் சிறுநீராக வெளியேற்றுகிற நீர் மாத்திரையைத் தலைகாணிக்காரி இரண்டாக்கினாள். அப்போதும் இறங்கவில்லை. ஒரு நாள் போனை என்னிடம் கொடுக்கச் சொன்னாள்.

"தப்பா நினைக்காதீங்கம்மா. சமையல்ல உப்பு கொஞ்சம் கூடுதோ?"

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள். அந்தக் குப்பையைத்தான் நாங்கள் இரண்டு பேரும் மாதக்கணக்கில் தின்றுகொண்டிருந்தோம். அவருக்கு மட்டும் தனியாக வைத்தால் மனசு சங்கடப்படுமே என்று நானும் உப்பை விட்டேன். அதை அவளிடம் சொல்லவில்லை. "என் சமையலறைய எனக்குத் தெரியும்" என்று மட்டும் சொன்னேன்.

பிறகு எப்படி ஏறுகிறது? இது என் கௌரவப் பிரச்சினையாகிவிட்டது. அவர் பையைத் துழாவினேன், சட்டையை முகர்ந்தேன். ஒன்றும் அகப்படவில்லை. விடை குளிக்கும்போது கிடைத்தது. எங்கள் வீட்டில் ஒரே குளியலறை, கழிவறையும் அதற்குள்ளேதான். நீர் மாத்திரை போட்டுக்கொண்டால் அவர் வேலைக்குக் கிளம்புகிற வரையில் அது அவருடைய சொத்து. நான் துண்டும் கையுமாக வெளியே நின்று கதவைத் தட்டிக்கொண்டிருப்பேன். கொஞ்ச நாளாக நான் கதவைத் தட்டவே இல்லை. நிம்மதியாகக் குளித்துக்கொண்டிருக்கிறேன். தலையில் சோப்பு நுரையோடு அப்படியே நின்றுவிட்டேன்.

தினமும் என் கண் முன்னால்தான் மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடிக்கிறார். கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொண்டிருக்கிறார், திருட்டு மனிதர். அவருடைய பழைய மூக்குக்கண்ணாடிக் கூட்டைத் திறந்தேன். பாதி கரைந்த மாத்திரைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடந்தன.

சாயங்காலம் அவர் வந்ததும் கூட்டை மேஜைமேல் வைத்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர், அதைத் திறந்து பார்த்து மூடிவிட்டு உண்மையைச் சொன்னார்.

அவர் நீதிமன்றத்தில் தட்டச்சு செய்பவர். சாட்சி சொல்லச் சொல்ல அப்படியே அடிக்க வேண்டும். இவர் எழுந்து போனால் சாட்சி வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும், வக்கீல்கள் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். ஒரு நாள் மூன்றாவது தடவை எழுந்தபோது நீதிபதி எல்லோருக்கும் கேட்கும்படி, "குற்றவாளிகூட இவ்வளவு ஓடறதில்லையேப்பா" என்றாராம். கோர்ட்டே சிரித்ததாம்.

"அன்னியிலேருந்து நிறுத்திட்டேன். அவமானமா இருந்துச்சு" என்றார்.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது வேறு.

"சிஸ்டருக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியாது."

"நெஜமா?"

"அவங்ககிட்ட எப்படிச் சொல்வேன்? போட்டுட்டுதான் இருக்கேன்னு சொல்லியிருக்கேன்."

அவளிடமும் பொய் சொல்லியிருக்கிறார்! பரிசு கிடைத்த குழந்தை போல என் மனசு குதித்தது. அவள் இரண்டாக்கிய மாத்திரைகளில் ஒன்றுகூட உள்ளே போகவில்லை. அவளுக்குத் தெரியாத ஒன்று இந்த வீட்டில் இருக்கிறது, அது எனக்கு மட்டும் தெரியும்.

"சரி, நான் அவகிட்ட சொல்லல. கோர்ட் நாள்ல பாதி மட்டும், அதுவும் சாயங்காலமா வந்து போடுங்க. காலை நான் தினமும் அமுக்கிப் பாப்பேன். ஆனா ஒரு நிபந்தனை."

"என்ன?"

"பயமோ வலியோ எதுவா இருந்தாலும் இனிமே முதல்ல எங்கிட்ட சொல்லணும். எனக்கு அப்புறம்தான் எவளும்."

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். "இவ்வளவுதானா?" என்றார். கரும்பு தின்னக் கூலியா என்கிற மாதிரி ஒத்துக்கொண்டார்.

அந்த நாட்கள் போல எனக்கு நாட்கள் வாய்த்ததில்லை, அதை மறைப்பானேன்? சாயங்காலம் வந்ததும் நாற்காலியை என் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு சொல்வார். நீதிமன்றப் படியில் எந்த இடத்தில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டார் என்பது முதல் சொல்வார். நெஞ்சு சில சமயம் மாட்டிக்கொண்ட எழுத்துச் சாவி போல ஒரு துடிப்பை விழுங்கிவிட்டு அடுத்ததை இரண்டாக அடிக்கிறது என்பார். அவர் அப்பா தூக்கத்தில் போனவர். அதே வயதை இவர் தாண்டுகிற மாதம் இது, அதனால்தான் இரவில் அந்தப் பயம் என்றார். இத்தனை வருடம் கூட இருந்து எனக்கு இது தெரியாது. காலையில் காலை நீட்டுவார், நான் அழுத்துவேன், பள்ளம் உடனே நிரம்பும். பார்த்தாயா, ஒன்றுமில்லை என்று என் கட்டைவிரலுக்கு ஒரே பெருமை.

தலைகாணிக்காரி போன் செய்வாள். "இன்னும் ஏறிட்டேதான் இருக்கு சார். மாத்திரை ஒழுங்காப் போடறீங்களா?"

"போடறேன் சிஸ்டர்" என்பார், என்னைப் பார்த்துக் கண்ணடித்துக்கொண்டே. அந்தக் கண்ணடிப்புக்காக நான் எதை வேண்டுமானாலும் கொடுத்திருப்பேன். உண்மையில் எதைக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன் என்பது எனக்கு உறைக்கவில்லை.

ஒரு மாலை வேலையிலிருந்து வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றிக்கொண்டார். உதடு வெளுத்திருந்தது.

"படுக்க முடியல. படுத்தா தண்ணிக்குள்ள முங்கின மாதிரி இருக்கு" என்றார். மூச்சை இழுத்துவிட்டுத்தான் அடுத்த வார்த்தை வந்தது. "யார்கிட்டயும் சொல்லல. உங்கிட்டதான் முதல்ல சொல்றேன்."

நான் கேட்டதைத்தான் கொடுத்தார். அதை வைத்துக்கொண்டு என்னால் என்ன செய்ய முடியும்? காலைத் தொட்டேன். பள்ளம் விழுந்து அப்படியே நின்றது. அன்று காலையில்கூட நன்றாக இருந்த கால் அது. என் விரலுக்குத் தெரிய வருவதற்குள் எல்லாம் நெஞ்சுவரை வந்துவிட்டிருந்தது.

பெட்டியின்மேல் ஒட்டியிருந்த எண்ணுக்கு நானே போன் செய்தேன். முதல் தடவையாக.

"அவர் மாத்திரை ஒழுங்காப் போடல" என்றேன். "மூச்சு முட்டுது."

அவள் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. "உக்கார வச்சே இருங்கம்மா, படுக்க விடாதீங்க. கால் கீழ தொங்கட்டும். ஜன்னலத் திறந்துவிடுங்க. ஆம்புலன்ஸ் நான் அனுப்பறேன், நீங்க அவர் பக்கத்துலயே இருங்க" என்றாள். அவர் என் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டார். ஆம்புலன்ஸ் வரும்வரை அந்தக் குரல் போனிலேயே இருந்தது. நான் போனை வைக்கவில்லை.

ஊசி போட்டு நீரை இறக்கினார்கள். இரண்டு நாளில் மனிதராகிவிட்டார். மூன்றாம் நாள் காலை, வார்டுக்கு அவள் வந்தாள். நான் செய்து வைத்திருந்த முகம் எதுவும் அவளுக்கு இல்லை. என் வயதிருக்கும். கண்ணுக்குக் கீழே கருவளையம், ஜலதோஷத்தில் சிவந்த மூக்கு, ஒரு பக்கம் தேய்ந்த செருப்பு. கையில் கணினிப் பலகை ஒன்றை வைத்துக்கொண்டு நேராகப் பக்கத்துக் கட்டிலுக்குப் போய், அங்கே படுத்திருந்த வழுக்கைத்தலைக்காரரிடம், "எப்படி சார் இருக்கீங்க, பயமுறுத்திட்டீங்களே" என்றாள்.

"சிஸ்டர், நான் இங்க இருக்கேன்" என்றார் என் கணவர்.

அவளுக்கு வெட்கமாகிவிட்டது. "மன்னிச்சுக்குங்க சார், உங்க கிராஃபத்தான் தெரியும். முகம் பாத்ததில்ல. இருநூறு தலைகாணிக்கு மேல பாக்கறேன்." அவர் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். இருநூறு பேரில் ஒருவர்! நான் பொய் சொல்ல மாட்டேன், எனக்கு உள்ளம் குளிர்ந்தது.

பிறகு அவள் உட்கார்ந்து கேட்டாள். "மாத்திரை எத்தனை நாளா ஒழுங்காப் போடல சார்?"

அவர் என்னைப் பார்க்காமல் சொன்னார். "ரெண்டு நாள்தான் சிஸ்டர். இவளுக்கு ஒண்ணும் தெரியாது. நான்தான் மறைச்சேன். அன்னிக்கு சாயந்திரம்தான் கண்டுபிடிச்சு உடனே உங்களுக்கு போன் பண்ணா."

என்னைக் காப்பாற்ற அவளிடம் பொய் சொல்கிறார். மாதக்கணக்கில் நான் ஏங்கிய ஏக்கமெல்லாம் இதற்குத்தான். அவளா நானா என்றால் நான் என்று அவர் வாயாலேயே சொல்லியாகிவிட்டது, அதுவும் அவள் முன்னாலேயே.

அவள் பலகையைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினாள். "ரெண்டு நாளா? நம்பர் பல நாளா ஏறுதே. மாத்திரைய ரெண்டாக்கியும் இறங்கல. அப்போ கருவிதான் தப்பாக் காட்டுது. டாக்டருக்கும் அந்தச் சந்தேகம் இருக்கு. தப்பா காட்டற கருவிய நம்பி மருந்து கொடுத்தா ஆபத்து. உங்கள ஆராய்ச்சியிலேருந்து விட்டுடுவோம் சார். அந்தத் தலைகாணிய மட்டும் திருப்பிக் கொடுத்துடுங்கம்மா."

அவள் சொன்னது எனக்குத் தெளிவாகவே புரிந்தது. தலையணை போய்விடும். போன் வராது. காலையில் அவர் எனக்காக மட்டும் கண் விழிப்பார், காலை நீட்டுவார். நான் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். அடுத்த முறை நீர் ஏறும்போது யாருக்கும் முன்கூட்டித் தெரியாது, எனக்கும் தெரியாது. இதுவும் புரிந்தது.

"கருவி சரியாத்தான் சொல்லுது" என்றேன்.

அவர், "ஏய்" என்றார்.

"அவர் மாத்திரைய ஒழுங்காப் போட்டு ரொம்ப நாளாச்சு. நீங்க உப்பைப் பத்திக் கேட்டீங்களே, அதுக்கும் முன்னாடியே. கொஞ்ச நாள்லயே நான் கண்டுபிடிச்சுட்டேன். உங்ககிட்ட சொல்ல வேண்டாம்னு முடிவு பண்ணதும் நான்தான்."

"ஏம்மா?" என்றாள்.

"அவர் உங்ககிட்ட எல்லாத்தையும் சொல்றார். எங்கிட்ட சொல்றதில்ல. அதான்."

திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு முக்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "அந்த நாள்லயெல்லாம் அவருக்கு எப்படி இருந்துச்சுன்னு உங்ககிட்ட சொன்னாரா? எங்கிட்ட நம்பர் மட்டும்தாம்மா இருக்கு. அந்த நம்பர்ல அவர் உடம்பு என்ன பண்ணுச்சுன்னு தெரிஞ்சா, அடுத்த தடவை எந்த நம்பர்ல பிடிக்கணும்னு எனக்குத் தெரியும். ஒண்ணு விடாம சொல்லுங்க."

சுளுவான வேலையா அது? அவர் எனக்கென்று சொன்னவை. என்னிடம் முதலில் சொன்னவை. கட்டிலில் அவர் கண்ணை மூடிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார்.

படியில் மூச்சு வாங்கியதைச் சொன்னேன். எந்தப் படி என்று கேட்டாள், அதையும் சொன்னேன். துடிப்பை நெஞ்சு விழுங்கியதைச் சொன்னேன். அவள் எழுதிக்கொண்டே, "அப்புறம்?" என்றாள். அவர் அப்பாவைப் பற்றிச் சொன்னேன், அந்த வயதைச் சொன்னேன். வயிறு எரிந்துகொண்டேதான் இருந்தது. அவள் "அப்புறம்?" என்றாள், நான் சொல்லிக்கொண்டே இருந்தேன்.